பட்டறைக்குப் போகும் முன்னும் வந்த பின்னும்

உள்ளுறைப் பயிற்சி என்ற பேச்சு எழுந்ததும் ஆசிரியர் அறையில் இரண்டு குரல்கள் கேட்கும். "பிள்ளைகள் பத்து நாள் வெளியே போனால் பாடத்தை யார் முடிப்பது?" என்பது முதல் குரல். "நம் பிள்ளைகள் லீவு விட்டால் வேலைக்குப் போகிறவர்கள்தானே! அவர்களுக்குப் போய் வேலையை அறிமுகம் செய்ய வேண்டுமா?" என்பது இரண்டாவது குரல். இரண்டிலும் உண்மை இருக்கிறது. அதனால் இரண்டுக்கும் நேர்மையாகப் பதில் சொல்லிவிட்டுத்தான் இந்தப் பணியில் இறங்க வேண்டும்.

கரூர் மாவட்டத்தில் ஓர் அரசு மேல்நிலைப் பள்ளியில் நான் கணிதம் கற்பிக்கிறேன். பேருந்துக்குக் கூண்டு கட்டும் பட்டறைகளும், திரைச்சீலை, படுக்கை விரிப்பு, மேசை விரிப்பு போன்ற வீட்டு உபயோக ஜவுளி தயாரிக்கும் நிறுவனங்களும், கொசுவலைத் தறிகளும் நிறைந்த ஊர் இது. எங்கள் மாணவர்களில் பலருடைய வீட்டில் யாராவது ஒருவர் இவற்றில் ஒன்றில் வேலை பார்க்கிறார். வேலை என்பது இந்தப் பிள்ளைகளுக்குப் புதிதல்ல. ஆனால் தாம் தினமும் பார்க்கும் வேலைக்குள் தாம் படிக்கும் பாடம் இருக்கிறது என்பது அவர்களுக்குப் பெரும்பாலும் புதிது. உள்ளுறைப் பயிற்சி பயன்பட வேண்டிய இடம் அதுதான். அந்தப் பயன் பட்டறையில் தானாகக் கிடைப்பதில்லை. மாணவர் போவதற்கு முன்னும் திரும்பி வந்த பின்னும் வகுப்பறையில் நாம் செய்யும் வேலையால்தான் கிடைக்கிறது.

தமிழ்நாடு மறக்காத ஒரு பாடம்

பள்ளியையும் வேலையையும் இணைப்போம் என்று யார் சொன்னாலும் தமிழ்நாட்டில் ஒரு சந்தேகம் எழும். அதற்குக் காரணம் உண்டு. 1953-இல் இராஜாஜி அரசு கிராமப்புறத் தொடக்கப் பள்ளிகளில் ஒரு மாற்றுத் திட்டத்தைக் கொண்டுவந்தது. பள்ளி நேரம் ஒரு வேளையாகச் சுருங்கியது. மீதி நேரத்தில் குழந்தைகள் பெற்றோரின் தொழிலைப் பழக வேண்டும் என்பது ஏற்பாடு. பெரியாரும் மற்றவர்களும் இதைக் 'குலக்கல்வித் திட்டம்' என்று கூறிக் கடுமையாக எதிர்த்தனர். 1954-இல் காமராசர் முதலமைச்சரானதும் திட்டம் கைவிடப்பட்டது.

அந்த எதிர்ப்பு தொழிலின் மீது எழுந்த வெறுப்பு அல்ல. தறிக்காரர் பிள்ளை தறிக்கும், சலவைத் தொழிலாளியின் பிள்ளை சலவைக்கும் திரும்பப் போக வேண்டும் என்ற ஏற்பாட்டின் மீது எழுந்தது. எனவே இன்று ஒரு மாணவரைப் பணியிடத்துக்கு அனுப்பும் ஒவ்வோர் ஆசிரியரும் தம்மையே கேட்டுக்கொள்ள வேண்டிய முதல் கேள்வி இது: இந்தப் பயிற்சி இந்தப் பிள்ளைக்கு முன்னால் இருக்கும் வழிகளைக் கூட்டுகிறதா, குறைக்கிறதா? எங்கள் பள்ளியில் இதை ஒரு விதியாகவே வைத்திருக்கிறோம். அப்பா, அம்மா பார்க்கும் வேலைக்கு அவர்கள் பிள்ளையை அனுப்புவதில்லை. டெய்லர் மகள் கூட்டுறவுக் கடன் சங்கத்துக்குப் போகிறாள். பட்டறைத் தொழிலாளியின் மகன் ஆரம்ப சுகாதார நிலையத்தின் மருந்துக் கிடங்குக்குப் போகிறான்.

பழைய யோசனை ஏன் பீரியடாகச் சுருங்கியது?

வேலை வழிக் கல்வி நாட்டுக்குப் புதியது அல்ல. 1937-இல் வார்தா மாநாட்டில் காந்தியடிகள் ஆதாரக் கல்வியை முன்வைத்தார். 1964 முதல் 1966 வரை பணியாற்றிய கோத்தாரி கல்விக் குழு, 'பணி அனுபவம்' பொதுக் கல்வியின் பிரிக்க முடியாத பகுதியாக வேண்டும் என்றது. 1977-இல் ஈஸ்வர்பாய் படேல் குழு, சமூகப் பயனுள்ள உற்பத்தி வேலையைப் பாடத்திட்டத்தின் மையத்தில் வைக்கச் சொன்னது. 1978-இல், வேலூரில் பிறந்து யுனெஸ்கோவின் துணைத் தலைமை இயக்குநராக உயர்ந்த மால்கம் ஆதிசேஷையா தலைமையிலான குழு மேல்நிலைக் கல்வியில் தொழிற்கல்வியை விரிவாக்கப் பரிந்துரைத்தது. அதே 1978-இல்தான் தமிழ்நாட்டில் மேல்நிலைக் கல்வி தொடங்கியது. தொழிற்கல்விப் பிரிவும் உடன் வந்தது.

இத்தனை குழுக்கள் சொல்லியும் பல பள்ளிகளில் இந்த எண்ணம் கால அட்டவணையில் ஒரு கைவேலைப் பீரியடாக நின்றுபோனது. கூடை பின்னினோம், மெழுகுவத்தி வார்த்தோம், நோட்டில் ஒட்டினோம். பின்னிய கூடைக்கும் கணக்குப் பாடத்துக்கும், வார்த்த மெழுகுக்கும் அறிவியல் பாடத்துக்கும் யாரும் பாலம் போடவில்லை. வேலை தனியாகவும் பாடம் தனியாகவும் நின்றன. தொழிற்கல்விப் பிரிவு 'மதிப்பெண் குறைந்தவர்கள் சேரும் இடம்' என்ற பெயரையும் வாங்கிக்கொண்டது. உள்ளுறைப் பயிற்சியை அந்த வழியிலேயே கொண்டுபோனால் அதற்கும் இதே கதிதான்.

எட்டாம் வகுப்பில் ஐந்து நாள்

பணியிடத்துக்கு அனுப்புவது என்றாலே ஒரு தொழிலைக் கற்றுக்கொடுப்பது என்று நாம் நினைத்துவிடுகிறோம். வேறு நோக்கத்தோடு இதைச் செய்யும் நாடுகள் உண்டு. ஜப்பானின் ஹியோகோ மாகாணத்தில் 1998 முதல் 'ட்ராயாரு வீக்' என்ற ஏற்பாடு நடக்கிறது. 'செய்துதான் பார்ப்போமே' என்ற பொருள் தரும் பெயர். அங்கே அரசு நடுநிலைப் பள்ளியின் இரண்டாம் ஆண்டு, அதாவது நம் எட்டாம் வகுப்பு வயதுப் பிள்ளைகள், ஐந்து நாள் கடை, பண்ணை, மழலையர் பள்ளி, முதியோர் இல்லம், தீயணைப்பு நிலையம் என்று உள்ளூரின் பல இடங்களுக்குப் போகிறார்கள். 1995 நிலநடுக்கத்தால் நொறுங்கிய கோபே நகரம் இருக்கும் மாகாணம் அது. பிள்ளைகளும் ஊரும் ஒருவரையொருவர் அறிய வேண்டும் என்பதே அந்த ஏற்பாட்டின் அடிப்படை. ஜெர்மனியிலும் ஒன்பதாம் வகுப்பை ஒட்டிய காலத்தில் மாணவர்கள் இரண்டு அல்லது மூன்று வாரம் ஒரு பணியிடத்தில் இருந்துவிட்டு வந்து அறிக்கை எழுதுகிறார்கள். பின்னாளில் மருத்துவம் படிக்கப் போகிறவரும் போகிறார், மெக்கானிக் ஆகப் போகிறவரும் போகிறார்.

ஐந்து நாளில் யாரும் ஒரு தொழிலைக் கற்றுவிட முடியாது. ஆனால் ஒரு தொழில் எப்படி நடக்கிறது, அதில் யார் எதைத் தீர்மானிக்கிறார்கள், அங்கே என்ன அறிவு தேவைப்படுகிறது என்பதைப் பார்க்க முடியும். நாம் குறிவைக்க வேண்டியதும் அதையே. மேல்நிலைத் தொழிற்கல்விப் பிரிவு மாணவருக்கு இதோடு கைத்திறனும் சேரும். ஒன்பது, பத்தாம் வகுப்புக்கு இது போதும்.

நூல் நம்பரும் தகட்டு கேஜும்

அனுபவம் எல்லாமே கல்வி ஆகிவிடாது என்று ஜான் டூயி 1938-இல் வெளியான 'அனுபவமும் கல்வியும்' நூலில் வாதிட்டதை பி.எட். வகுப்பில் படித்திருப்போம். எங்கள் ஊரிலிருந்து ஓர் எடுத்துக்காட்டுடன் அதைச் சொல்கிறேன்.

ஜவுளி நிறுவனத்துக்குப் போன மாணவிகள் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டு வந்தது: "20-ஆம் நம்பர் நூலைவிட 40-ஆம் நம்பர் நூல் மெல்லிசு. நம்பர் கூடினால் தடிமன் கூடத்தானே வேண்டும்?" கூண்டு கட்டும் பட்டறைக்குப் போன மாணவர்களும் ஏறக்குறைய அதையே எழுதியிருந்தார்கள்: "16 கேஜ் தகடு கனமாக இருக்கிறது. 20 கேஜ் மெல்லிசாக இருக்கிறது. ஏன்?" பணியிடத்தில் இருந்த அண்ணன்களும் அக்காக்களும் "அது அப்படித்தான் தம்பி" என்று சொல்லியிருந்தார்கள். அவர்களுக்கு அது பழகிப்போன உண்மை. விளக்கம் தருவது நம் வேலை.

வகுப்பில் முதலில் நூலை எடுத்துக்கொண்டோம். பருத்தி நூலின் நம்பர் என்பது ஒரு பவுண்டு எடையில், 840 கஜம் கொண்ட சிட்டாக்கள் எத்தனை இருக்கின்றன என்பதைக் குறிக்கிறது. 20-ஆம் நம்பர் என்றால் ஒரு பவுண்டில் 20 சிட்டா. 40-ஆம் நம்பர் என்றால் அதே எடையில் 40 சிட்டா. அதே எடைக்குள் இரண்டு மடங்கு நீளம் வர வேண்டுமானால் நூல் மெலிந்துதானே ஆக வேண்டும்! 840 கஜம் ஏறத்தாழ 768 மீட்டர். ஒரு பவுண்டு ஏறத்தாழ 453.6 கிராம். இதை வைத்து 100 மீட்டர் நூலின் எடையை மாணவர்களே கணக்கிட்டார்கள். 10-ஆம் நம்பருக்கு 5.9 கிராம், 20-ஆம் நம்பருக்கு 2.95 கிராம், 40-ஆம் நம்பருக்கு 1.48 கிராம் அளவில் வந்தது. நம்பரையும் எடையையும் பெருக்கினால் ஒவ்வொரு முறையும் 59-ஐ ஒட்டியே விடை. எதிர்விகிதம் என்று கீழ் வகுப்பிலேயே படித்துவிட்டு வந்தது கையில் பிடிபட்டது. ஒரு மீட்டர் சுற்றளவுள்ள அட்டையில் நூலை நூறு சுற்றுச் சுற்றி, ஆய்வகத் தராசில் நிறுத்துச் சரிபார்த்தும் கொள்ளலாம்.

பிறகு தகட்டுக்கு வந்தோம். பட்டறையில் புழங்கும் அளவின்படி 16 கேஜ் ஏறத்தாழ 1.6 மி.மீ., 18 கேஜ் ஏறத்தாழ 1.2 மி.மீ., 20 கேஜ் ஏறத்தாழ 0.9 மி.மீ. தடிமன். கேஜையும் தடிமனையும் பெருக்கினால் 26-ஐ ஒட்டி ஒன்று, 22-ஐ ஒட்டி ஒன்று, 18-ஐ ஒட்டி ஒன்று. பெருக்கல் பலன் மாறிக்கொண்டே போகிறது. ஆக, எண் கூடும்போது அளவு குறைந்தாலும் இது எதிர்விகிதம் அல்ல. ஒன்று கூடினால் மற்றொன்று குறைவதெல்லாம் எதிர்விகிதம் என்று நினைப்பது மாணவர்களிடம் வெகுவாகக் காணப்படும் தவறான புரிதல். அதைக் கரும்பலகையில் நான் பல முறை சொல்லியும் பதியாதது, இந்த இரண்டு பட்டியலைப் பக்கத்தில் பக்கத்தில் எழுதியபோது பதிந்தது.

"பாடத்தை யார் முடிப்பது?" என்ற முதல் குரலுக்கு என் பதில் இதுதான். மாணவர் கொண்டுவரும் கேள்வியைப் பாடத்துக்குள் எடுத்துக்கொண்டால், வெளியே போன நாளும் பாட நாளே.

சட்டம் போட்டிருக்கும் கோடு

இரண்டாவது குரலுக்கான பதில் சட்டத்திலிருந்து தொடங்குகிறது. 1986-ஆம் ஆண்டு குழந்தைத் தொழிலாளர் சட்டம் 2016-இல் திருத்தப்பட்டபின், 14 வயது நிறையாத குழந்தையை வேலையில் அமர்த்துவது பொதுவாகத் தடை செய்யப்பட்டுள்ளது. 14 முதல் 18 வயது வரையிலானவர்கள் வளரிளம் பருவத்தினர். சுரங்கம், வெடிபொருள், தீப்பற்றும் பொருள்கள், அபாயகரமான உற்பத்தி முறைகள் ஆகியவற்றில் அவர்களை ஈடுபடுத்தக் கூடாது. அனுமதிக்கப்பட்ட வேலையிலும் நேர வரம்பு உண்டு. தொடர்ந்து மூன்று மணி நேரத்துக்கு மேல் வேலை கூடாது. அதற்குள் குறைந்தது ஒரு மணி நேர ஓய்வு வேண்டும். ஓய்வையும் காத்திருப்பையும் சேர்த்து ஒரு நாளில் ஆறு மணி நேரத்தைத் தாண்டக் கூடாது. இரவு 7 மணி முதல் காலை 8 மணி வரை வேலை கூடாது. கூடுதல் நேர வேலை அறவே கூடாது.

பள்ளி நடத்தும் பயிற்சி வேலை ஒப்பந்தம் அல்ல. ஆனாலும் இந்த வரம்புகளைக் குறைந்தபட்ச எல்லையாகக் கொள்வதே பாதுகாப்பு. ஒரு கணக்கை நினைவில் வையுங்கள். ஐந்து வயதில் முதல் வகுப்பில் சேர்ந்த பிள்ளை ஒன்பதாம் வகுப்பில் நுழையும்போது 13 வயதில் இருக்கும். அப்படிப்பட்டவர்களுக்கு ஆசிரியர் உடன் சென்று காட்டிவரும் களப்பயணம் மட்டுமே பொருந்தும்.

'பயிற்சி' என்ற சொல்லுக்குப் பின்னால் வேறு எது எதுவோ நடந்திருக்கிறது என்பதையும் மேற்கு மாவட்டத்துக்காரர்கள் அறிவோம். திருமணத்துக்குப் பணம் சேரும் என்று சொல்லி இளம்பெண்களைப் பயிற்சியாளர் என்ற பெயரில் ஆலைகளில் சேர்த்து விடுதியில் வைத்திருந்த 'சுமங்கலித் திட்டம்' நம் நினைவில் இருக்கிறது. பள்ளியின் கடிதத்தோடு போகும் பிள்ளை அப்படிப்பட்ட ஒரு வலைக்குள் போய் விழக் கூடாது. எனவே எங்கள் பள்ளியில் சட்டத்துக்கு மேல் சில விதிகளையும் வைத்திருக்கிறோம்:

- வெல்டிங், கிரைண்டிங், பெயின்ட் அடித்தல், சாயம் போடுதல் நடக்கும் இடத்தில் மாணவர் தொலைவில் நின்று பார்க்கலாம். கை வைக்கக் கூடாது.
- உற்பத்தி இலக்கு, பீஸ் ரேட் கணக்கு எதிலும் மாணவரைச் சேர்க்கக் கூடாது.
- வராத ஆளுக்குப் பதில் ஆளாக மாணவரை நிறுத்தக் கூடாது.
- ஒருவரைத் தனியாக அனுப்புவதில்லை, குறைந்தது இருவர்.
- மாணவிகள் போகும் இடத்தில் பெண் ஊழியர் ஒருவர் பொறுப்பில் இருக்க வேண்டும். கழிப்பறை வசதியை ஆசிரியரே போய்ப் பார்த்து உறுதி செய்ய வேண்டும்.
- குழந்தைகள் உதவி எண் 1098-ம் பொறுப்பாசிரியரின் எண்ணும் குறிப்பேட்டின் முதல் பக்கத்தில் இருக்க வேண்டும்.

போவதற்கு முன்

இடத்தைத் தேர்ந்தெடுக்கும்போது பெரிய நிறுவனம் என்று தேடிப் போக வேண்டியதில்லை. விளக்கம் சொல்லப் பொறுமையுள்ள ஒரு மனிதர் இருக்கும் இடமே நல்ல இடம். கிராமத்திலும் இடங்கள் உண்டு: தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கம், அஞ்சலகம், கால்நடை மருந்தகம், பால் கூட்டுறவுச் சங்கம், நாற்றுப் பண்ணை, நூலகம், ஆரம்ப சுகாதார நிலையம், மின்மோட்டார் ரீவைண்டிங் கடை. பட்டறையோ ஆலையோ இல்லாத ஊர்ப் பள்ளிகளும் இதைத் தாராளமாகச் செய்யலாம்.

பொறுப்பாசிரியர் முதலில் தனியாகப் போய் அரை மணி நேரம் இருந்து பார்க்க வேண்டும். அங்கே எங்கெல்லாம் அளக்கிறார்கள், எதைப் பதிவேட்டில் எழுதுகிறார்கள், எதற்காக ஒரு பொருளை வேண்டாம் என்று ஒதுக்குகிறார்கள் என்று குறித்துக்கொள்ள வேண்டும். நம் பாடத்தோடு இணையும் இடங்கள் அவை. நிறுவனத்தின் பொறுப்பாளரிடம் ஒரே பக்கத்தில் ஒரு கடிதம் கொடுத்தால் போதும். மாணவர் எத்தனை நாள், எந்த நேரம் இருப்பார், எதைச் செய்யலாம், எதைச் செய்யக் கூடாது, அங்கே யார் பொறுப்பு ஆகிய ஐந்தும் அதில் இருக்கட்டும்.

பெற்றோரிடம் நேரில் பேசிக் கையொப்பம் வாங்குவது கட்டாயம். "படிக்க அனுப்பினேன், வேலைக்கா அனுப்புறீங்க?" என்று கேட்கும் அம்மாவிடம் கோபப்படக் கூடாது. அவர் கேட்பது 1953-இல் இந்த மாநிலம் கேட்ட கேள்வி. "இதற்குச் சம்பளம் கிடையாது. அங்கே பார்த்ததை இங்கே வந்து பாடத்தோடு சேர்த்துப் படிப்பார்கள். எது சரியில்லை என்று பட்டாலும் உடனே நிறுத்திவிடலாம்" என்று விளக்கினால் ஒத்துக்கொள்கிறார்கள்.

மாணவர்களுக்கும் ஒரு பீரியடு ஒதுக்க வேண்டும். யாரை எப்படி அழைப்பது, ஓடும் இயந்திரத்துக்கு அருகே எப்படி நிற்பது, சடையையும் துப்பட்டாவையும் எப்படிக் கட்டிக்கொள்வது, விருப்பமில்லாத வேலையைச் சொன்னால் எப்படி மறுப்பது என்பனவற்றைப் பேச வேண்டும். கடைசியாக உள்ளதை நடித்துக் காட்டச் சொல்லிப் பழக்குவது நல்லது. "டீச்சரைக் கேட்டுட்டுச் செய்றேன் அண்ணா" என்ற ஒரு வாக்கியம் கைவசம் இருந்தால் போதும்.

அங்கே இருக்கும்போது

குறிப்பேட்டில் தினமும் நான்கு கேள்விகளுக்கு மட்டும் விடை எழுதச் சொல்கிறோம். நீளமாக எழுத வேண்டியதில்லை.

1. இன்று யார் செய்த எந்த வேலையைப் பார்த்தாய்? அதன் படிகளை வரிசையாக எழுது.
2. எங்கே அளந்தார்கள், எண்ணினார்கள், சரிபார்த்தார்கள்?
3. உனக்குப் புரியாத சொல் அல்லது செயல் எது? யாரிடம் கேட்டாய்? என்ன சொன்னார்கள்?
4. நீ உன் கையால் செய்தது என்ன? அது நேற்றுச் செய்ததுதானா, புதியதா?

மூன்றாவது கேள்வி நமக்குப் பாடம் நடத்தப் பொருள் தருகிறது. நூல் நம்பரும் தகட்டு கேஜும் அதில் வந்தவையே. நான்காவது கேள்வி காவலுக்கு. தொடர்ந்து இரண்டு நாள் 'நேற்றுச் செய்ததே' என்று எழுதியிருந்தால் பொறுப்பாசிரியர் அன்றே அங்கே போக வேண்டும். ஓர் இடத்தில் எங்கள் மாணவிகள் இரண்டு பேர் மூன்று நாளாகத் துணி மடித்து பாலிதீன் உறையில் போட்டுக்கொண்டே இருந்தது இந்தக் கேள்வியால்தான் தெரிந்தது. அங்கே பேசியதும் அவர்களைக் கட்டிங் பகுதிக்கும் பிறகு செக்கிங் பகுதிக்கும் மாற்றினார்கள். மாற்ற மறுத்திருந்தால் திரும்ப அழைத்துவந்திருப்போம். துணி மடிப்பது இழிவான வேலை அல்ல. முதல் ஒரு மணி நேரத்தில் அதிலும் கற்க ஏதோ இருக்கும். பத்தாவது மணி நேரத்தில் மாணவருக்கு எதுவும் மிஞ்சாது. நிறுவனத்துக்கு மட்டும் ஒரு ஆள் கூலி மிச்சமாகும்.

வந்த பின்

திரும்பி வந்த வாரத்தில் குறைந்தது மூன்று பீரியடுகள் வேண்டும். முதல் பீரியடில் ஒவ்வொரு குழுவும் தாம் கொண்டுவந்த புரியாத கேள்விகளைக் கரும்பலகையில் எழுதட்டும். இரண்டாவதில் அந்தக் கேள்விகளை எந்தப் பாட ஆசிரியர் எடுத்துக்கொள்வது என்று பிரிக்கலாம். கூட்டுறவுச் சங்கத்தில் பார்த்த வட்டிக் கணக்கு கணித ஆசிரியருக்கு. சுகாதார நிலையத்தில் தடுப்பூசியைக் குளிர்ச்சியாகவே வைத்திருப்பது ஏன் என்பது அறிவியல் ஆசிரியருக்கு. ஒரே அறையில் ஒரே நேரம் வேலை பார்ப்பவர்களில் ஒருவருக்கு மாதச் சம்பளமும் மற்றொருவருக்குப் பீஸ் ரேட்டும் ஏன் என்பது சமூக அறிவியல் ஆசிரியருக்கு. பட்டறைச் சொற்களைத் தொகுத்து அகராதி போல எழுதுவது தமிழாசிரியருக்கு. இப்படிப் பிரிந்தால் ஒருவர் தலையில் எல்லாச் சுமையும் விழாது.

மூன்றாவது பீரியடுக்குப் பணியிடத்திலிருந்து ஒருவரை அழைக்க வேண்டும். முதலாளியைவிட, பிள்ளைகளுக்கு வேலை காட்டிக்கொடுத்த மேஸ்திரி அல்லது டெய்லர் அக்கா வருவது நல்லது. தான் தினமும் செய்யும் வேலையின் கணக்கை ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகள் எழுதிக் காட்டுவதை அவர் பார்க்கட்டும். பிள்ளைகளும் பள்ளிப் படிப்பை முடிக்காத ஒருவரிடம் எவ்வளவு அறிவு இருக்கிறது என்பதைப் பார்க்கட்டும். உழைப்பவர் மீது மரியாதை வேண்டும் என்று நாம் அறிவுரையாகச் சொல்வதைவிட இது ஆழமாகப் பதிகிறது.

மதிப்பீடு செய்ய வேண்டும் என்றால் வேலைத் திறமைக்கு மதிப்பெண் போடாதீர்கள். எழுப்பிய கேள்விக்கும், அதற்கு விடை தேடிய முறைக்கும் போடுங்கள். நன்றாக வேலை செய்த பிள்ளையைவிட நன்றாகக் கவனித்த பிள்ளைக்குக் கூடுதல் மதிப்பெண் கிடைத்தால் அது சரியே.

பயிற்சி முடிந்ததும் ஒரு மாணவி, "இந்த வேலை எனக்கு வேண்டாம் மிஸ். நாள் முழுக்க நிற்கணும். ஆனா ஆர்டர் வந்ததும் எவ்வளவு துணி வேணும்னு கணக்குப் போடுறாங்களே, அது என்ன படிப்பு?" என்று கேட்டாள். இதைப் பயிற்சியின் தோல்வியாகக் கொள்ளக் கூடாது. ஒரு வேலையை அருகிலிருந்து பார்த்து, அது வேண்டாம் என்று காரணத்தோடு சொல்வதும் வழிகாட்டுதலில் ஒரு பெரிய படி. 2022-இல் தொடங்கப்பட்ட நான் முதல்வன் திட்டத்தின் உயர்கல்வி வழிகாட்டலில் அவள் கேள்விக்கு விடை தேடினோம். தான் தேடும் படிப்பு எது என்று தெரிந்துகொண்டு வரும் மாணவிக்கு வழி சொல்வது எளிதாகவே இருந்தது.

எங்கிருந்து தொடங்கலாம்?

பத்து நாள் என்றதும் மலைக்க வேண்டாம். தொழிற்கல்விப் பிரிவு இல்லாத பள்ளியில் முதல் ஆண்டு ஒரு வகுப்பு, இரண்டு இடங்கள், இரண்டு முற்பகல்கள் போதும். ஒன்பதாம் வகுப்புக்கு ஆண்டுத் தேர்வு முடிந்ததும் வரும் நாட்கள் இதற்குப் பொருத்தமானவை. அப்போது 14 வயது நிறைந்தவர்களும் கூடுதலாக இருப்பார்கள். திரும்பி வந்தபின் நடத்த வேண்டிய பீரியடுகளைப் பத்தாம் வகுப்பின் முதல் வாரத்தில் வைத்துக்கொள்ளலாம். பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் விதிகளைப் படித்துக் காட்டி ஒப்புதல் பெறுங்கள். இடம் தேடுவதில் அந்த உறுப்பினர்களே உதவுவார்கள்.

அதற்கு முன் இந்த வாரமே செய்யக்கூடியது ஒன்று உண்டு. உங்கள் வகுப்பில், "உங்கள் வீட்டில் வேலைக்குப் போகிறவர் அங்கே எதை, எந்த அளவையால் அளக்கிறார்? கேட்டு எழுதிக்கொண்டு வாருங்கள்" என்று வீட்டுப்பாடம் கொடுங்கள். முழம், கஜம், கேஜ், சென்ட், மரக்கால், அங்குலம், நூல் நம்பர், ஹார்ஸ்பவர் என்று மறுநாள் கரும்பலகை நிறையும். எந்த இடத்துக்கு மாணவர்களை அனுப்பலாம், அங்கிருந்து எந்தப் பாடத்தைத் தொடங்கலாம் என்பதற்கான முதல் பட்டியல் அதிலேயே கிடைத்துவிடும்.